வேனுக்கு ஒரு குமுட்டி அடுப்பு

குளிர் காய அடுப்பு வேண்டும் என்று பெரம்பலூரில் ஒருவன் என் இரும்புக்கடை ஏறினால், முதலில் அவனை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வெயிலில் மூளை உருகியிருக்கும். ஆனால் குழந்தைவேல் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. அரும்பாவூர்ப் பக்கம் முப்பது கிணறு வெடி வைத்து இறக்கிய காண்ட்ராக்டர். வேடிக்கைக்காகக் கடை ஏறுகிற ஆள் இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷத்து மார்கழி. பழைய வேன் ஒன்றை வாங்கிப் பின்சீட்டுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டிருந்தார். சமையல், தூக்கம் எல்லாம் அதற்குள்ளேயே. காசிக்குப் போய்வரத் திட்டம். ரயிலும் சத்திரமும் ஆகாது என்றதற்குக் காரணம் அவர் சம்சாரம் பச்சையம்மாள். அவளுக்கு இளைப்பு. பனிக்காற்று பட்டால் நெஞ்சு துருத்தியாக ஊத ஆரம்பித்துவிடும். கங்கையில் ஒரு முழுக்குப் போட வேண்டும் என்பது அவள் ஆசை. கூட்டிப்போனவளை அப்படியே திரும்பக் கூட்டிவர வேண்டும் என்பது அவர் கவலை.

"வடக்க தை மாசம் எலும்பு நொறுங்குற குளிராம்யா, செட்டியாரே. வண்டிக்குள்ள அனல் இருக்கணும். என்ன வச்சிருக்க?"

"கரண்டு அடுப்பு இருக்குங்க. ஒயரை மட்டும் காசி வரைக்கும் இழுத்துக்கிட்டே போவணும்."

"எடக்குப் பேசாத."

பம்ப் ஸ்டவ்வை எடுத்துக் காட்டினேன். "குலுங்குனா வெடிக்கும்யா. வெடி எனக்குப் பழக்கம், அவளுக்கு இல்ல" என்றார். திரி ஸ்டவ்வைப் பச்சையம்மாளே வேண்டாம் என்றாள். மண்ணெண்ணெய் நாற்றமே அவளுக்கு இளைப்பைக் கிளப்பிவிடுமாம். மிச்சம் இருந்தது கரி போடும் குமுட்டி அடுப்பு. இரண்டு வருஷமாக மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த சரக்கு.

"கரியை வெளியில வச்சு விசிறுங்க. நல்லாக் கனிஞ்சு செவந்தப்புறம் உள்ள எடுத்து வைங்க. பொகையும் இல்ல, நாத்தமும் இல்ல" என்றேன்.

எங்கள் ஊரில் நெருப்பின் குற்றம் எல்லாம் புகைதான். புகையாத கரி நெருப்பைப் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறையில்கூட வைப்பார்கள். ஓட்டு வீட்டுக்கு ஆயிரம் இடுக்கு உண்டு என்பதை யாரும் யோசித்ததில்லை. நானும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை சோதித்துப் பார்க்க வேனைக் கடை வாசலுக்கே கொண்டுவந்தார். தூசியும் காற்றும் புகாமல் ஜன்னல் கண்ணாடி இடுக்குகளில் எல்லாம் சைக்கிள் டியூபை வெட்டி அடைத்திருந்தார். கனிந்த கங்கோடு குமுட்டியை உள்ளே வைத்தார். பிறகு ஓர் அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கட்டிலுக்கு மேலே மாட்டினார்.

"பட்டப்பகல்ல எதுக்குங்க வெளக்கு?"

"பாழுங்கெணத்துல ஆளை எறக்குறதுக்கு முன்னாடி கயித்துல வெளக்கைத்தான் விடுவோம். அணைஞ்சா வெசக்காத்து, எவனும் எறங்கமாட்டான். எரிஞ்சா பயமில்ல. முப்பது கெணத்துல ஒருத்தனைச் சாவக் குடுத்ததில்ல நான்."

அந்த நேரம் பார்த்துக் கதவுக்குக் கீல் வாங்க உத்திராபதி வந்தான். அரியலூருக்கு அந்தாண்டை ஒரு சிமெண்ட் ஆலையில், சூளையடியில் வேலை. வேனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணே, ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வைங்க. கெணத்துக் காத்து வேற, கரிக் காத்து வேற. இது வெளக்கை வுட்டுட்டு ஆளை அடிக்கும். ஆலையில எங்களுக்குச் சொல்லியிருக்காங்க."

குழந்தைவேலின் கை ஜன்னல் கண்ணாடிக்குப் போயிற்று. போன கை அடுத்து அடுப்பையும் எனக்கே திருப்பித் தந்துவிடும் என்று பட்டது. வாயைத் திறந்தேன்.

"ஏம்ப்பா உத்திராபதி, ஜன்னலைத் தொறந்து போட்டு நெருப்பு மூட்டுறதுன்னா, அடுப்பைக் கங்கைக்கே காணிக்கையாக் குடுத்துடலாமே. பாவம், அதுவுந்தான் குளிர்ல ஓடுது!"

வாசலில் நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். பச்சையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உத்திராபதி கீலை வாங்கிக்கொண்டு போய்விட்டான். குழந்தைவேல் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மாள் இறங்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலையை வலிக்குதுங்க. கொமட்டுது."

வைகுண்ட ஏகாதசி. அவள் முதல்நாளிலிருந்து பட்டினி. வெறும் வயிறு, பித்தம் என்று ஆளுக்கொன்று சொன்னோம். உள்ளே விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. வண்டியோட்டியின் பெயர் ஆண்டவர். "ஆண்டவரே ஓட்டிக்கிட்டுப் போறப்ப என்ன பயம்?" என்று இன்னொரு சிரிப்பை வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தேன்.

தை நடுவில் தந்தி வந்தது. மாசி பிறந்து வேன் வந்தது. உள்ளே ஆண்கள் இரண்டு பேர்தான்.

குழந்தைவேல் நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"ஜபல்பூர் தாண்டிப் பின்சக்கரத்துல பேரிங் போச்சு. மத்தியான நேரம், ஆனா வெயிலே இல்ல, ஊதக்காத்து. ஆண்டவர் லாரி புடிச்சு டவுனுக்குப் போனான். அவளை உள்ள படுக்கவச்சு, அடுப்பை வச்சுட்டு, நான் வெளியில சக்கரத்தைக் கழட்டிக்கிட்டிருந்தேன். கதவைத் தொறந்தா காத்து அடிக்கும்னு தொறக்கல. கண்ணாடி வழியா ரெண்டு தடவை பார்த்தேன். வெளக்கு முத்தாட்டம் எரிஞ்சுது."

"ம்."

"மொகத்தையும் பார்த்தேன்யா. நல்லாச் செவந்திருந்துது. ஒடம்புல சூடு ஏறிட்டுது, இன்னிக்கி இளைப்பு வராதுன்னு சந்தோஷப்பட்டேன். ஆண்டவர் வந்து தொறந்தப்ப ஒடம்பு வெறச்சுக் கெடந்துது. வெளக்கு அப்பவும் எரியுது."

அங்கேயே எரித்துவிட்டுச் சாம்பலைக் காசிக்குக் கொண்டுபோயிருக்கிறார். அவள் கேட்ட முழுக்கு அப்படித்தான் நடந்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து என் கடை வருவதற்குள் வேனை மறித்து நாலு பேர் அவரிடம் சொல்லிவிட்டார்களாம், காசிக்குப் போகிற வழியில் போன உயிர், கொடுத்துவைத்தவள் என்று. என் நாக்கிலும் அதே சரக்குத்தான் தயாராக இருந்தது. யாரும் பேரம் பேசாத சரக்கு. எடுத்து நீட்டுவதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு, செட்டியாரே. ஜன்னல் தொறந்திருந்தா பொழைச்சிருப்பாளா?"

தந்தி வந்த மறுநாளே உத்திராபதியைத் தேடிப்போய் இதைத்தான் நான் கேட்டிருந்தேன். அதனால் பதில் தெரியும். இந்த ஆணி துருப்பிடிக்குமா என்று கேட்டவனுக்கு, உன் பேரன் காலத்தில் பார்க்கலாம் என்று கண் இமைக்காமல் சொல்லி விற்றவன் நான். அன்றைக்குப் பொய்க்கு நாக்கு புரளவில்லை.

"பொழைச்சிருப்பாங்க."

"எவ்வளவு தொறந்திருக்கணும்?"

"ரெண்டு பக்கமும் நாலு விரல்."

அவர் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். வெடிமருந்து தின்று நகம் கறுத்த விரல்கள். வாடிக்கையாளன் ஒருவன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

"இத்தினி வருஷமா இந்தக் கடையில ஒக்காந்து பொய் சொன்னியேய்யா," என்றார். "இன்னிக்கி எனக்கு ஒண்ணு சொல்லக் கூடாதா?"

எழுந்து படி இறங்கினார். ஆண்டவர் வேன் கதவைத் திறந்து பிடித்தான். அவர் ஏறாமல் அரும்பாவூர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். ஆண்டவர் கொஞ்ச தூரம் வண்டியை அவர் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு போனான். பிறகு நிறுத்திவிட்டு, அவனும் இறங்கி நடந்தான்.