ஜப்பான்காரன் இரும்பு

பெரார்கஞ்சுக்கு வந்து நாலைந்து வருஷம் ஆகியும் மரகதத்துக்குப் பிடிபடாத ஒன்று உண்டென்றால் அது அந்தமான் மழைதான். விருதுநகர்ப் பக்கத்தில் மழையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவள் அவள். இங்கே அது கூப்பிடாமல் வந்தது, போகச் சொன்னாலும் போகாமல் நின்றது. போன அறுவடையில் பாதிக் கதிரை அடிக்குமுன்னே வானம் பொத்துக்கொண்டது. கொட்டகைக்குள் அடுக்கிய கட்டுகள் ஈரத்தில் சூடேறி முளைவிட்டன. மிதிக்க விட மாடும் இல்லை. அந்த வட்டாரத்து மாடுகளைக் கோமாரி கொண்டுபோயிருந்தது. அவளும் அவள் புருஷன் சொக்கலிங்கமும் கட்டையில் கதிரை ஓங்கி ஓங்கி அடித்ததில் தோள்பட்டை இற்றுப்போனதுதான் மிச்சம். முளைவிட்ட நெல்லை அவித்துக் குத்திப் பொங்கித் தின்ற அந்தப் புளித்த வாடையை அவள் நாக்கு மறக்கவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் கதிர் பால்பிடிக்கும்போதே களத்தைச் சுற்றி வடிகால் வெட்ட இறங்கினாள். மேட்டோரம் வெட்டும்போது மண்வெட்டி 'ணங்'கென்று எதிலோ மோதி நின்றது. கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். துருவேறிய இரும்பு வளையம் ஒன்று. தோண்டத் தோண்ட இன்னொரு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒரு நீள அச்சு, வளையத்தில் முடுக்கியபடியே மக்கிப்போன பலகைத் துண்டுகள், அவற்றில் வரிசை வரிசையாகக் குத்தி நிறுத்திய வளைந்த கம்பிகள். ஒவ்வொரு கம்பியும் பெரிய கொண்டை ஊசி மாதிரி, வளைந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு. கூடவே பல்சக்கரம் ஒன்று, முறுக்கிவிட்டது போல வளைந்த தண்டு ஒன்று.

பக்கத்து வயலிலிருந்து ராம்தீன் எட்டிப் பார்த்தார். தீவிலேயே பிறந்து வளர்ந்த மனிதர், நாற்பதை நெருங்குகிறவர். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளிறிப் போனது.

"மத் சூனா, பெஹன்! ஜப்பானி கா சாமான் ஹை!"

தொடாதே, ஜப்பான்காரன் சாமான் என்றவர், அப்படியே திரும்பிப் போய்விட்டார். யுத்த காலத்தில் ஜப்பான்காரர்கள் அந்த மேட்டில் முகாம் போட்டிருந்ததும், ஊர்க்காரர்களைப் பிடித்துக்கொண்டு போனதும் மரகதம் கேள்விப்பட்டதுதான்.

காட்டிலாகா மரவேலைக்குப் போய்த் திரும்பிய சொக்கலிங்கமும் அதையே சொன்னான். "ஆளை வதைக்கிற யந்திரமாம் புள்ள. எல்லாரும் சொல்றாங்க. ஓடையில தள்ளிரு."

"ஆளை வதைக்கிறதுன்னா முனை கூரா இருக்க வேண்டாமா? தொட்டுப் பாருங்க. மொழுமொழுன்னு இருக்கு."

அவன் தொடவில்லை. அவள் தொட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் விருதுநகரில் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின்னிங் மில்லுக்கு வேலைக்குப் போனவள் அவள். சுழல்கிற உருளையும் அதில் பல்லும் இருந்தால் அது எதையோ பிடித்து இழுக்கத்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இந்தத் தீவில் பருத்தி ஏது? தேங்காய் நார் பிரிக்கவோ என்று ஒரு மட்டையை எடுத்துக் கம்பியில் வைத்து இழுத்தாள். மட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. கம்பிதான் பிடுங்கிக்கொண்டு வந்தது. அதுவும் இல்லை.

பழைய இரும்பு வாங்க வரும் அப்துல் குத்தூஸ் அந்த வாரம் வந்தார். கீழக்கரைக்காரர். ஹேடோவில் கப்பல் துறையை ஒட்டி அவருக்கு இரும்புக் கிடங்கு இருந்தது. வளையத்தைத் தட்டிப் பார்த்தார். "நல்ல இரும்பு தங்கச்சி. தூக்கிப் போடு, கொண்டுபோறேன்."

"இது என்னன்னு தெரிஞ்சுக்கிடாமத் தர மாட்டேன், பாய்."

"தெரிஞ்சு என்ன செய்யப்போறே? உருக்கினா எல்லாம் ஒண்ணுதான்."

"உருக்கின பிறகு தெரிஞ்சா வயித்தெரிச்சல் இல்லையா?"

குத்தூஸ் சிரித்துக்கொண்டே போனார்.

விடை கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து பேன்சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள். முடி பல்லிடுக்கில் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஈர் மட்டும் வழுக்க முடியாமல் மாட்டி உருவிக்கொண்டு வந்தது. சீப்பைக் கண்ணுக்கு நேரே பிடித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முடி போகும், ஈர் நிற்கும். கூர்மை வேண்டாம், இடுக்குத்தான் வேண்டும். இந்த ஊரில் முடியும் ஈரும் மாதிரி எது இருக்கிறது?

அவிழ்த்த தலையோடு வயலுக்கு ஓடினாள். முற்றின கதிராக ஒரு கைப்பிடி அறுத்து வந்து, ஒட்டியிருந்த இரண்டு கம்பிகளுக்கு நடுவே விட்டு இழுத்தாள். நெல் பொலபொலவென்று மண்ணில் உதிர்ந்தது. கையில் வெறும் தாள்.

"என்னங்க! இங்க வாங்க! சீப்புங்க இது! நெல்லுக்குச் சீப்பு!"

சொக்கலிங்கம் வந்து பார்த்தான். தானும் ஒரு கதிரை விட்டு இழுத்தான். இன்னொன்று இழுத்தான். அவ்வளவுதான், அன்றைக்கே பாதாக் மரத்துப் பலகைக்கு அலைய ஆரம்பித்துவிட்டான். அடுத்த நாட்களில் பலகைகளை இழைத்து வளையத்தைச் சுற்றி முடுக்கினான். மரகதம் கம்பிகளைத் துருப்போகத் தேய்த்து, பழைய துண்டில் இருந்த மாதிரியே ஒரு வரிசைக்கு ஒரு வரிசை விலக்கி விலக்கி அடித்தாள். வளைந்த தண்டு காலால் மிதிக்கிற பலகைக்கானது என்று தையல் மிஷினை நினைத்துக் கண்டுபிடித்தாள். ஆனால் பெரிய பல்சக்கரத்துக்கு ஜோடியான சின்னச் சக்கரம் மண்ணில் எங்கு தேடியும் அகப்படவில்லை. பெரிய சக்கரத்தின் பற்களைக் காகிதத்தில் ஒற்றி எடுத்து, பஸ்ஸில் போகிறவரிடம் குத்தூசுக்குக் கொடுத்தனுப்பினாள்.

குத்தூஸ் தானே வந்தார், ஒரு சாக்கு நிறையச் சக்கரங்களோடு. "கிடங்குல கிடந்ததையெல்லாம் கிளறிட்டேன். உன்னால எனக்கும் தூக்கம் போச்சு தங்கச்சி."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று தளர்ந்தது, ஒன்று நெருக்கியது. சாக்கின் அடியில் கிடந்தது மாட்டியதும், பல்லோடு பல் சேர்ந்து உட்கார்ந்தது.

சொக்கலிங்கம் மிதித்தான். முன்னதாக முற்றிய கதிரை அறுத்துக் கட்டிய ஒரு சின்னக் கட்டை மரகதம் உருளையில் வைத்தாள். மறுகணம் கட்டு அவள் கையிலிருந்து பறந்து உள்ளே சுருண்டது. நெல்லும் தூசியும் முகத்தில் வாரியடித்தன. குத்தூஸ் பின்வாங்கினார். "யா அல்லாஹ்! நிறுத்துப்பா!"

"போதும் புள்ள, கை போயிருக்கும்," என்றான் சொக்கலிங்கம்.

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உருளையைப் பார்த்தாள். அது அவளை நோக்கிச் சுற்றியிருந்தது. தையல் மிஷினில் முதல் மிதி தப்பினால் சக்கரம் பின்னோக்கி ஓடி நூலை அறுக்குமே, அதே கதைதான். "மொதல்ல கையால அங்கிட்டுத் தள்ளிவிட்டு, அப்புறம் மிதிங்க," என்றாள். உருளை இந்த முறை அவளைவிட்டு விலகிச் சுற்றியது. கதிர்நுனியை மட்டும் மெல்ல இறக்கினாள். கர்ர்... கர்ர்... என்ற சத்தத்தோடு நெல் அந்தப் பக்கம் மழையாகக் கொட்டியது. கட்டைத் திருப்பிக் காட்டினாள். அதுவும் உதிர்ந்தது. ஆயிரம் அடி அடித்தாலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அடிக்கதிர் நெல்கூடத் தாளில் இல்லை.

மூவரும் ஒரே நேரத்தில் கத்தியதில், வரப்பில் யாரோ ஓடி வருவதை அவர்கள் கவனிக்கவில்லை. ராம்தீன். மேல்மூச்சு வாங்கக் களத்தின் ஓரத்தில் வந்து நின்றார்.

"யஹி ஆவாஜ்... யஹி ஆவாஜ் தா!"

இதே சத்தம்தான் என்றார். பிறகு, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, உடைந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அவருடைய அண்ணன் கங்காதீனை உளவாளி என்று ஜப்பான்காரர்கள் பிடித்துப் போனார்கள். அண்ணன் கண்ணில் படுவானா என்று இளைஞனாக இருந்த ராம்தீன் ஓடைக்கு இந்தப் பக்கம் புதரில் பதுங்கிக் கிடந்தார். அப்போது மேட்டிலிருந்து நாள் முழுக்க இந்தச் சத்தம் கேட்டது. அண்ணனை அதற்குள் போட்டு அரைக்கிறார்கள் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தார். அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. மில் ஓடுகிற சத்தம் கேட்டால்கூடக் காதைப் பொத்திக்கொண்டு விலகி நடந்திருக்கிறார்.

மரகதம் உதிர்ந்த நெல்லில் ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ராம்தீன் நெல்லையே பார்த்தார். "தான்," என்றார், நெல்லுக்கான இந்தி வார்த்தையை. "பஸ்... தான் தா." நெல்தானா, வெறும் நெல்தானா என்று திரும்பத் திரும்பச் சொன்னவர் களத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அண்ணன் வரப்போவதில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் அண்ணனுடையது இல்லை. குத்தூஸ் அருகில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எழுந்தபோது ராம்தீன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். உருளையை ஒரு விரலால் தொட்டார். பிறகு மிதிபலகையில் காலை வைத்து, "ஏக் பார்... மைன்?" ஒரு தடவை நான் மிதிக்கட்டுமா என்று கேட்டார். சொக்கலிங்கம் விலகி இடம் கொடுத்தான்.

இரண்டு வயலும் ஒன்றாகவே விளைந்து தலைசாய்ந்தன. அறுத்துக் கட்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்த மறுநாள் காலையில் குத்தூஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்தார். "ஹேடோவில புயல் கொடி ஏத்திட்டாங்க! மெயின்லேண்ட் கப்பலைக்கூட நிறுத்தி வச்சிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துரும்!"

போன வருஷமாக இருந்தால் மரகதம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். இப்போது கொண்டையை இறுக்கி முடிந்தாள். "பாய், சட்டையைக் கழட்டுங்க. நீங்க கட்டு எடுத்துக் குடுங்க."

சொக்கலிங்கம் மிதித்தான், கால் ஓய்ந்தபோது ராம்தீன் மிதித்தார். மரகதம் கட்டைக் காட்டினாள், திருப்பினாள், எறிந்தாள், கை நீட்டினாள். கையில் அடுத்த கட்டு இருந்தது. வைக்கோல் ஒரு பக்கம் ஏற, பொன்னிறக் குவியல் மறுபக்கம் ஏறியது. கடல் பக்கம் வானம் கறுத்துக்கொண்டே வந்தது. உச்சி சாய்வதற்குள் மரகதத்தின் கொட்டகையில் ஒரு கட்டும் பாக்கியில்லை.

காற்று எழுந்தது. முதல் துளிகள் கூரை ஓலையில் விழுந்தன. ராம்தீனின் கட்டுகள் அவர் கொட்டகையில் இன்னும் அப்படியே இருந்தன. அவர் வானத்தைப் பார்த்தார், யந்திரத்தைப் பார்த்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? தூக்குங்க!" என்றாள் மரகதம். "பையா, உட்டாவோ!" அண்ணா, தூக்குங்கள் என்று ராம்தீனுக்கு இந்தியிலும் சொன்னாள்.

நாலு பேரும் நாலு மூலையில் தோள் கொடுத்தார்கள். வழுக்குகிற வரப்பில், சாரலில், முன்னால் போகிறவன் "பள்ளம், பள்ளம்" என்று கத்த, சாமி சப்பரம் போல அந்த இரும்பைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராம்தீன் வீட்டுப் பெண்கள் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். இறக்கி வைத்த கணத்தில் வெளியே மழை தாரை தாரையாக இறங்கியது. உள்ளே உருளை சுற்றியது. ராம்தீனின் மனைவி முதல் கட்டை மரகதத்தின் கையில் கொடுத்தாள். அடுத்த கட்டைத் தானே காட்டிப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். காற்று கூரையைப் பிய்க்கப் பார்த்தது. உலர்ந்த நெல் சொரிகிற சத்தம் அதற்கு மேலே கேட்டது.

புயலில் பஸ் நின்றுபோய் மாட்டிக்கொண்ட குத்தூஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதிபலகைக்கு வந்தார். "நான் இன்னும் ஒரு தடவைகூட மிதிக்கல. எறங்குப்பா."

"மேரி பாரி ஹை, பாய்!" என் முறை என்று ராம்தீன் பலகையிலிருந்து காலை எடுக்க மறுத்தார், முகமெல்லாம் உமி, உமிக்கு நடுவே பல் தெரியச் சிரிப்பு. இருவரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள்.

"யாராவது ஒருத்தர் மிதிங்களேன், கட்டு கையில இருக்கு!" என்று கத்தினாள் மரகதம். இரண்டு பேரும் ஆளுக்கொரு காலைப் பலகையில் வைத்து மிதித்தார்கள். உருளை இரட்டை வேகத்தில் பறந்தது.