ஓடத்தில் நிற்பவர்கள்

...அல்லது பேசாமல் உட்கார்ந்துவிடலாம், உட்காருவது குற்றமா என்ன, வெளியூரார் பலரும் உட்கார்ந்துதானே பெருங்கால்வாயைக் கடக்கிறார்கள். எனினும் வெனிஸில் பிறந்த ஒருத்தி ஓடத்தில் உட்கார்ந்தாள் என்று எவரேனும் கேட்டதுண்டா? திருமண நாளன்று வெண்பட்டு முழங்காலைத் தழுவ நின்றபடியே கடந்தவள் அல்லவா நான்? அன்று எனக்குத் தலை இருப்பதே நினைவில் இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன் உட்செவியில் ஏதோ பழுதான பிறகோ, தலையைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்பதில்லை... இப்போது நான் வாழும் துரின் நகர வீதியில் வண்டிகள் விரையும்போதெல்லாம் உலகமே கிறுகிறுத்துச் சுழல, விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். திரியெஸ்தேயிலுள்ள மகள் வீட்டுக்குச் செல்லும் வழியில், சற்றே இளைப்பாற இங்கு இறங்குவதாகக் கணவரிடம் கூறினேன். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. இன்று ஓடத்தில் நிற்க இயலாவிடில் பிறந்த ஊருக்கு இனி வருவதில்லை என்று, எவரிடமும் சொல்லாமல், உறுதி பூண்டிருந்தேன்.

காலை முதல் நடக்கிறேன், தலை சுழலவில்லை, இதை என்னென்பது? சக்கரங்கள் இல்லை, விரைவு இல்லை, சந்துக்குள் எனக்கு முன்னே செல்பவரின் காலடி, மேல் சன்னலில் எவரோ வெங்காயம் வதக்கும் ஓசை, கால்வாய் முனையில் திரும்புமுன் படகோட்டி எழுப்பும் குரல்... இவ்வளவு மெல்லிய ஒலிகளைக் கேட்கும் செவியா பழுதுற்ற செவி? இங்கு வாழ்ந்த காலத்தில் இந்த அமைதியை நான் ஒருமுறையேனும் கேட்டிருப்பேனா? ஆனால் கல் வேறு, படகு வேறு. துறையின் படிகளில் இறங்கி, ஓடத்தின் நடுவில் ஒரு காலை மட்டும் வைத்துத் தயங்கினேன். ஓடக்காரர் ஒத்தாவியோ, நாற்பது வயதிருக்கும், என் பயணப் பையை நோக்கினார், பிறகு என் முகத்தை. "உக்காருங்கம்மா, வெளியூர்க்காரங்க உக்காந்தா யாரும் சிரிக்க மாட்டோம்." வெளியூர்க்காரியாம்! எனக்குப் பின்னால் காலிக் கூடையுடன் நின்ற மூதாட்டி வெடுக்கென்று சொன்னாள்: "டேய் ஒத்தாவியோ, அவ படகுக்கு நடுவுல கால் வச்சத பாத்தியா? நம்ம ஊருப் பொண்ணுடா. நீ ஏறும்மா, மீனு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது." அவர் சிரித்தார். "மீனு உங்களைப் பாத்தா தானே ஓடிப்போயிடும் தெரேசினாம்மா."

நின்றேன். எதையும் பற்றக் கூடாது, நீரைப் பார்க்கக் கூடாது, முழங்காலை இளக்கி எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். சிறு வயதில் எவரும் கற்பிக்காமலே கால்கள் கற்றவை. தெரேசினாம்மாள் என் இடப்புறம் வந்து நின்றாள், ஓடம் துறையை விட்டு நழுவியது. நடுக் கால்வாயை அடைந்தபோது நீர்ப்பேருந்து ஒன்று கடந்து சென்றது, அதன் அலை வருவதைக் கண்டேன், இதோ, இப்போது சுழலும், இப்போது விழுவேன்... அலை ஓடத்தைத் தூக்கிற்று, இறக்கிற்று. மாளிகைகள் அசைந்தன, அவற்றின் தூண்கள், சன்னல்கள், வானம் முழுவதும் தொட்டில்போல் அசைந்தன, நான் அசையவில்லை. அசையாத தரையில் சுழன்ற தலை, அசையும் நீரின்மேல் அசைவற்று நின்றது. இப்படியும் நிகழுமா? ஆயிரம் ஆண்டுகளாகச் சேற்றில் நட்ட மரக்கம்பங்களின்மேல் இத்தனை கல்லும் நிற்கிறதே, இதுவரை இதைக் கண்டு வியக்காமல் எவ்வாறு வாழ்ந்தேன்? பெருமிதம் எழுந்தது, ஏன் மறைக்க வேண்டும், நான் நின்றேன், ஒத்தாவியோ பார்க்க நின்றேன்.

அக்கரையில் கல்லில் கால் வைத்த பிறகே என் இடக்கை முழங்கையருகே வலிப்பதை உணர்ந்தேன். தெரேசினாம்மாளின் விரல்கள் அங்கே இறுகியிருந்தன. அவள் ஓடக்காரரின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில், "கோவிச்சுக்காதம்மா, அந்த அலை வந்தப்போ உன்னப் புடிச்சிக்கிட்டேன். கொஞ்ச நாளா எனக்கும் நிக்க முடியல. அவன்கிட்ட சொல்லிடாத, அடுத்த தடவ உக்கார வச்சிடுவான்" என்றாள். கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மீன்கடைகளை நோக்கி நடந்தாள், ஒரு கை சுவரைத் தடவியபடியே... அப்படியானால் அலை வந்தபோது நான் அவளைத் தாங்கினேனா, அவளது பிடி என்னைத் தாங்கிற்றா? இந்த ஊரில் ஓடங்களில் நிமிர்ந்து நிற்பவர்களுள் எத்தனை பேர் தாமாக நிற்கிறார்கள்?