மோட்டார் குழியின் குளிர்ச்சி

குழியிலிருந்து ஏறி வந்த சுரேந்தரின் உதடு வெளுத்திருந்தது. ஏணியின் கடைசிப் படியைத் தாண்டித் தவழ்ந்து வெளியே வந்தவன், எழுந்து நிற்காமல் வேப்பமரத்து வேரின்மேல் உட்கார்ந்துவிட்டான். கையில் பீர் நிரம்பிய எவர்சில்வர் ஜக்கு. அதில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"என்னாச்சுங்க? மொகமே ஒரு மாதிரி இருக்குது?" என்று கேட்டாள் அவன் மனைவி லோகப்பிரியா.

"ஒண்ணுமில்ல அம்மணி. காலைல சாப்படல, அதான். பேரல்கிட்ட குனிஞ்சன், கண்ணக் கட்டிருச்சு." சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து அவளிடம் நீட்டினான். "இந்தக் கெரகம் வேற பத்தவே மாட்டேங்குது. கேஸ் தீந்துபோச்சாட்ட இருக்குது."

பீர் பிடிப்பதற்கு முன் பீப்பாயின் குழாய் வாயை நெருப்பில் காட்டுவது அவன் வழக்கம். ஒட்டியிருக்கும் கிருமி உள்ளே போனால் மொத்தமும் புளித்துவிடும் என்பான். அன்று லைட்டர் பற்றாததால் அப்படியே பிடித்து வந்திருந்தான்.

தகர மூடியை இழுத்துப் போட லோகப்பிரியா குழியின் வாயருகே குனிந்தாள். சில்லென்று இருந்தது. இருட்டுக்குள் மூன்று பீப்பாய்களும் 'களக், களக்' என்று மாறி மாறிச் சத்தமிட்டன.

"கேளு, எப்புடி மூச்சு உடுதுன்னு!" என்றான் சுரேந்தர், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அப்போது அவள் மூக்குக்குள் ஏதோ சுரீரென்று குத்தியது. வாசனை ஏதும் இல்லை. சோடாவை உடைத்தவுடன் முகர்ந்தால் ஏறுமே, அந்தக் காரம். பீர் நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு மூடியைச் சாத்தினாள். ஈரச் சாக்குகளை விளிம்பைச் சுற்றி வைத்து அழுத்தினாள்.

அந்தக் குழி பீருக்காகத் தோண்டியதல்ல. மேலே நிற்கும் பம்பு தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. கிணற்றில் நீர் இறங்கினால் மோட்டாரையும் கூடவே இறக்கியாக வேண்டும். அதற்காகக் கிணற்றை ஒட்டி இரண்டாள் ஆழத்துக்குக் குழி வெட்டி, கான்கிரீட் சுவர் எழுப்பி, இரும்பு ஏணி வைத்திருந்தார்கள். போர்வெல் வந்தபின் மோட்டார் போய்விட்டது, குழி கிடந்தது. பல்லடத்து வெயிலில் கோழிக் கொட்டகைகள் கொதிக்கும்போதும் அதன் தரை மட்டும் குளிர்ந்தே இருக்கும்.

சுரேந்தருக்கு அந்தக் குளிர்ச்சிதான் தேவைப்பட்டது. ஈஸ்ட் என்பது உயிருள்ள பொருள். சர்க்கரையைத் தின்று ஒரு பாதியைச் சாராயமாகவும் மறுபாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும். வெயில் ஏறினால் அவசரப்பட்டுத் தின்னும்; அந்த அவசரத்தில் வேண்டாத வாசனைகளையும் சேர்த்து உண்டாக்கும். மாடி அறையில் அவன் காய்ச்சிப் புளிக்கவைத்த பீரெல்லாம் பழுத்த வாழைப்பழம் போல மணத்தது அதனால்தான். போன வருடம் பெங்களூரில் ஒரு பப்பில் அவனும் லோகப்பிரியாவும் அவன் கல்லூரித் தோழன் வின்ஸ்டனும் உட்கார்ந்து, நாலு வகை கிராஃப்ட் பீரைச் சின்னக் கிளாஸ்களில் வரிசையாக ருசித்தார்கள். கடைசிக் கிளாஸில் இருந்தது லாகர். குளிரில் மெதுவாகப் புளித்தது, வேறு வாசனை எதுவும் இல்லாமல் துடைத்துவைத்தாற்போல் இருந்தது.

"மாப்ள, பீருன்னா இது. உன்றது பஞ்சாமிர்தம்," என்றான் வின்ஸ்டன். பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து சுரேந்தருக்கு ஒரே வெறி. குழியைக் கழுவினான். பாம்பு வராமலிருக்கக் கிணற்றுப் பக்கத்து ஓட்டைகளைச் சிமெண்டு வைத்து அடைத்தான். வெயில் இறங்காமலிருக்க மூடிக்கு அடியில் தெர்மாகோல் ஒட்டினான். தகுந்த ஈஸ்ட்டை எங்கிருந்தோ வரவழைத்தான். வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம் என்பதால் அப்பா ஈஸ்வரமூர்த்தியிடம், குழியில் இருப்பது பஞ்சகவ்யம் என்று சொல்லி வைத்திருந்தான். வயலுக்கு ஊற்றும் பஞ்சகவ்யமும் பீப்பாயில் புளிப்பதுதானே. அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலில் ஒரே ஒரு சின்னப் பீப்பாய். அது நன்றாக வந்தது. அடுத்த மாதம் கல்லூரிக் கூட்டாளிகள் எல்லாரும் கூடுவதால் இம்முறை ஆளுயரத்தில் பாதி இருக்கும் பீப்பாய்கள். ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. மற்ற இரண்டும் முந்தாநாள் போட்டவை, நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மூடியிலும் வளைந்த குழாய் ஒன்று, அதற்குள் கொஞ்சம் தண்ணீர். உள்ளே உண்டாகும் வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே போகாது. 'களக்' சத்தம் அதுதான். ஒவ்வொரு களக்குக்கும் ஒரு வாய் வாயு குழிக்குள் வந்து சேர்ந்தது.

மதியம் வின்ஸ்டன் சிங்காநல்லூரிலிருந்து காரில் வந்து இறங்கினான். அங்கே அவனுக்குப் பம்பு பட்டறை. ஐஸ் பெட்டியில் பெங்களூர் லாகர் பாட்டில்கள்.

"என்ன மாப்ள, இந்த வாட்டி வாழத்தாரா, வாழத்தோப்பேவா?"

"ஒக்காருடா மொதல்ல. பேசற வாயி இன்னைக்கு எப்புடி மூடுதுன்னு பாரு."

"தங்கச்சி, உங்க ஊட்டுக்காரருக்கு வாய் மட்டும் கொறையவே இல்ல."

"வாங்கண்ணா. சோறு ஆக்கியாச்சு. அதுக்கு முன்னால ரெண்டு பேரும் சண்டையப் போட்டு முடிச்சுருங்க," என்றாள் லோகப்பிரியா.

ஊற்றும் வேலை எப்போதும் அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பு பெருந்துறையில் ஒரு மசாலா கம்பெனியில் முகர்ந்து தரம் பார்ப்பது அவள் உத்தியோகம். கண்ணும் பெயரும் நாக்கை ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் ருசி பார்க்கும் முறையை அவள்தான் வகுத்தாள். மூன்று எவர்சில்வர் தம்ளர். கண்ணாடிக் கிளாஸ் என்றால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. அந்த வேறு எது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எது நல்லது என்ற பேச்சே அதற்கப்புறம்தான். வித்தியாசமே தெரியாதவன் நல்லது கெட்டது சொல்லி என்ன பிரயோசனம்? தவறாகச் சொன்னவன் அடுத்த ஜக்கைப் போய் எடுத்துவர வேண்டும். இந்த வழக்கத்தை மட்டும் வின்ஸ்டன் சேர்த்தான்.

அவள் சமையலறையில் ஊற்றி எடுத்துவந்தாள். வின்ஸ்டன் உடனே முதல் தம்ளருக்குள் மூக்கை விட்டு, தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தான்.

"ஊத்துன ஒடனே மூக்க உள்ள உடாதீங்கண்ணா. மேல நிக்கற கேஸ் சுர்ருனு ஏறும். செத்த நேரம் ஆறட்டும்."

சொல்லும்போதே காலையில் குழியருகே குத்திய காரம் அவள் நினைவுக்கு வந்தது. தம்ளர் என்றால் சரி. அவ்வளவு பெரிய குழியின் வாயிலும் அதே காரம் எப்படி? அந்தக் கேள்வி முழுதாக உருவாகுமுன் வின்ஸ்டன் நாக்கைச் சப்புக்கொட்டினான். ஒன்றைக் குடித்தான், மற்ற இரண்டையும் குடித்தான், திரும்பவும் முதலாவதற்கு வந்தான். நெற்றி சுருங்கியது. கடைசியில் நடுத் தம்ளரைத் தட்டினான்.

"இதுதான். இது சுரேந்தரோடது. லேசா வாழைப்பழம் அடிக்குது."

"அண்ணா, அது நீங்க கொண்டாந்த பெங்களூர் பாட்டலு," என்றாள் லோகப்பிரியா. "அவுருது கடைசில இருக்கறது."

சுரேந்தர் மேசையில் அறைந்து சிரித்தபடி எழுந்து நின்றான். ஒரு வருடக் கோபமும் அந்தச் சிரிப்பில் போயிற்று. "பாத்தியா! வாழைப்பழமாமா! டேய், உன்ற மூக்கக் கொண்டுபோயி பட்டறைல கழட்டி மாட்டு!"

வின்ஸ்டன் இரண்டு கைகளையும் தூக்கினான். "ஒத்துக்கறன். தோத்துட்டன். ஜக்கக் குடு. அந்தக் குழியையும் பாத்தாப்புல இருக்கும்."

"வலது மூலைல இருக்கற பேரலு. கொழாய் அடில இருக்குது, குனிஞ்சுதான் புடிக்கோணும்."

"செரி, வாரேன்." செல்போன் டார்ச்சைத் தட்டிக்கொண்டு அவன் கொட்டகைகளைத் தாண்டிப் போனான்.

சுரேந்தர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். வின்ஸ்டன் விட்டுப்போன சிகரெட் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி, மேசையில் கிடந்த லைட்டரை எடுத்து, நினைக்காமலே சுண்டினான். முதல் சுண்டலிலேயே பற்றியது. மஞ்சள் சுடர் நேராக நின்றது.

"அட, இப்பப் பத்துது பாரு. காலைல அத்தன வாட்டி..."

லோகப்பிரியா அந்தச் சுடரையே பார்த்தாள். லைட்டரில் கேஸ் இருந்திருக்கிறது. குழியின் அடியில் அது எரியக் காற்று இல்லை. கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. தண்ணீர் தொட்டியை நிரப்புவதுபோல் அடியிலிருந்து மேலே ஏறும். காலையில் குனிந்தபோது அது சுரேந்தரின் முகமட்டத்தில் இருந்திருக்கிறது. அதன்பிறகு ஓட்டை இல்லாத அந்தக் குழியைச் சாக்கு வைத்து இறுக்கி மூடியதும் அவள்தான்.

"வின்ஸ்டன் அண்ணா!" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினாள். நாற்காலி பின்னால் விழுந்தது.

மூடி விலகிக் கிடந்தது. ஏணிக்கடியில் வின்ஸ்டன் ஒருக்களித்துக் கிடந்தான், தூங்குபவன் போல. ஜக்கு உருண்டிருந்தது. செல்போன் வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுந்தது. பீப்பாய்கள் சாவகாசமாகக் களக், களக் என்றன.

பின்னால் ஓடிவந்த சுரேந்தர் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். அவள் அவன் இடுப்பை இரண்டு கைகளாலும் சுற்றிப் பின்னால் சாய்ந்தாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள்.

"உடு பிரியா! செத்துப்போயிருவான்!"

"நீங்க எறங்குனா ரெண்டு பேருங்க! மூச்ச அடக்கிட்டு அவரத் தூக்க முடியுமா உங்களால? ஒரு தடவ இழுத்தீங்கன்னா அங்கயே உழுந்துருவீங்க!"

"என்ற தோஸ்துடீ! நாந்தான போகச் சொன்னன்!"

"கொட்டாயில இருக்கற பெரிய ஃபேன எடுத்துட்டு வாங்க. ஒயரோட. ஓடுங்க!"

அவன் அவளை வெறித்துப் பார்த்தான். ஜென்மத்துக்கும் மறக்க முடியாத பார்வை அது. பிறகு ஓடினான்.

அவள் 108-க்கும் தீயணைப்புக்கும் போன் செய்தாள். சக்கரத்தில் உருளும் ஃபேனைத் தள்ளிக்கொண்டு வந்தவன் காதில் அது விழுந்தது. "ஃபயர் சர்வீஸா? குழிக்குள்ள என்னன்னு கேட்டா...?" என்றான். அவள் ஃபேனின் மறுபக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

ஃபேனைக் குழியின் வாயில் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தரையை நோக்கித் திருப்பினார்கள். முழுவாயையும் அடைத்தால் பிரயோசனமில்லை. உள்ளே போகும் காற்று அடியில் முட்டி, வாயுவைத் தள்ளிக்கொண்டு வர வழி வேண்டும். ஃபேன் இரைந்தது. வின்ஸ்டனின் சட்டை படபடத்தது. அவன் அசையவில்லை. கரண்டு போய்விடக் கூடாது என்று மட்டும் அவள் வேண்டிக்கொண்டாள்.

சுரேந்தர் இரண்டு தடவை ஏணிப் பக்கம் நகர்ந்தான். இரண்டு தடவையும் அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். இரண்டாம் தடவை தையல் பிரிந்தது. லைட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கலாமென்றான். தீ எரிகிற காற்றிலும் ஆள் மயங்கி விழலாம் என்று சொல்லி அதையும் மறுத்தாள். குப்புறப் படுத்து, முகத்தைத் திருப்பி, காதை மட்டும் விளிம்பில் வைத்தாள். ஃபேன் இரைச்சலுக்கு அடியில் களக், களக். அதற்கும் அடியில் வேறு ஒரு சத்தம் கேட்காதா என்று காத்திருந்தாள்.

கேட்டது. தொண்டையில் சளி கட்டியவன் இருமுவது போல, ஒரே ஒரு இருமல்.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வரும்போது ஈஸ்வரமூர்த்தியும் கொட்டகையிலிருந்து வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடிவந்தார்.

"உள்ள என்னங்க இருக்குது? சாணித் தொட்டியா?" என்று கேட்டார் தலைமை வீரர்.

"பஞ்சகவ்யமுங்க. பையன் போட்டு வெச்சிருக்கான்," என்றார் ஈஸ்வரமூர்த்தி, மூச்சு வாங்க.

சுரேந்தர் அப்பாவைப் பார்த்தான். "இல்லீங்க. பீருங்க. மூணு பேரல் பீரு. உள்ள பூராம் கார்பன் டை ஆக்சைடுங்க, மாஸ்க் இல்லாம யாரும் எறங்காதீங்க."

ஈஸ்வரமூர்த்தி குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகில் சிலிண்டர் மாட்டிய ஒருவர் இறங்கினார். வின்ஸ்டனைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்தார்கள். உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. மூக்கில் ஆக்ஸிஜனை வைத்ததும் நெஞ்சு ஏறி இறங்கியது. கண் திறந்தது, ஆனால் யாரையும் அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. "உசுரு இருக்குது. மத்தத ஆஸ்பத்திரிலதான் சொல்லுவாங்க," என்றார் ஆம்புலன்ஸ்காரர். கிழிந்த சட்டையோடு சுரேந்தர் வண்டியில் ஏறினான். லோகப்பிரியாவின் பக்கம் அவன் திரும்பவில்லை.

சைரன் தேய்ந்தது. யாரோ ஃபேனை நிறுத்தினார்கள். சட்டென்று வந்த அமைதியில் குழிக்குள்ளிருந்து 'களக்' என்றது.

தலைமை வீரர் திடுக்கிட்டு விளிம்புக்கு வந்தார். "ஏனுங்கம்மா, உள்ள இன்னும் ஆளு இருக்குதுங்களா?"

"இல்லீங்க," என்றாள் லோகப்பிரியா. "அது மூச்சு உடுதுங்க."