எழுத்து தெளிவில்லை

நானூற்றுப் பதினேழாம் பொருள் ஒரு கதவு. மலேசியாவின் பத்து காஜா ஊருக்கு அப்பால் இருந்த ரப்பர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற ஆண்டில், தனேஸ்வரன் என்ற ஓவியர் தொழிலாளர் லயத்து வீடொன்றின் கதவைக் கழற்றி வந்தார். அங்கிருந்த குடும்பங்கள் வேண்டாமென்று கொடுத்த பழைய காகிதங்களை அதன்மேல் ஒட்டி, ரப்பர் பால் பூசிக் காயவைத்தார். இருபத்தெட்டு ஆண்டுகளாக அது ஈப்போவில் உள்ள தற்காலக் கலைக்கூடத்தின் கிடங்கில் நின்றுகொண்டிருந்தது.

அந்தக் கலைக்கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவள் துளசி. அறுநூறு சொச்சம் படைப்புகள். உடன் வேலை செய்யும் அஸ்வான் ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகப் படமெடுப்பான். துளசி அதன் வரலாற்றைத் தேடி எழுதுவாள். மேலே எழுத்து இருந்தால் ஒன்று விடாமல் தட்டச்சு செய்வாள். அதை அஸ்வான் சரிபார்த்துப் பொத்தானை அழுத்தினால்தான் பதிவு முடியும். அதன்பின் யாராலும் மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லாம் இணையத்தில் திறக்கப்படவிருந்தது. தோட்டத்துக் குடும்பங்கள் தங்கள் முன்னோரின் பெயரைத் தேடிப் பார்க்கலாம் என்று இயக்குநர் லக்ஷ்மிப்ரியா பத்திரிகைகளுக்கும் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை துளசி கதவின் இடது கீழ் மூலையைத் திரையில் பெரிதாக்கினாள். பழுப்பேறிய ஒரு புதைப்புச் சீட்டு. தோட்டத்துக் கணக்கரான கிராணியின் சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. செகப்பி, தகப்பன் பெயர் அப்பாவு. பெண். வயது இரண்டு ஆண்டு இரண்டு மாதம். காய்ச்சல். மே 1961. புதைத்த இடம். அடியில் பிறப்புப் பத்திரத்தின் எண்.

அவள் மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

செகப்பி, தகப்பன் பெயர் அப்பாவு. அது அவள் அம்மாவின் பெயர். அதே தோட்டத்தில் பிறந்தவள். அடையாள அட்டையின் எண் 590304 என்று தொடங்கும்: 1959, மார்ச் நான்கு. சீட்டில் இருந்த வயதைப் பின்னோக்கி எண்ணினால் அதே மாதம்தான் வந்தது. அம்மாவோ பத்து நிமிடத்துக்கு முன்னால் வாட்ஸ்அப்பில், கெம்போங் மீன் வாங்கவா, வாவல் வாங்கவா என்று குரல் அனுப்பிக் கேட்டிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி வெளுத்துப் போச்சி?" என்றான் அஸ்வான், விளக்கை நகர்த்தியபடி.

"கண்ணு வலிக்குது லா."

"எனக்கு முதுகே போச்சி. இவரு ஒரு கதவு, போன வாரம் ஒருத்தரு சிமெண்டுல மாடு. காகிதத்துல படம் வரையற ஆளே இந்த ஊர்ல இல்லையா? நானூத்து பதினேழு முடிஞ்சா சொல்லுங்க, செக் பண்ணிடறேன்."

சீட்டுக்கான கட்டத்தில் துளசி 'எழுத்து தெளிவில்லை' என்று தட்டினாள். சேமித்தாள். அனுப்பவில்லை.

மதிய இடைவேளையில் மெங்லெம்புவில் இருந்த வீட்டுக்குக் காரை ஓட்டினாள். இரண்டு இடத்தில் பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்காமல் நின்றது பின்னால் ஹார்ன் அடித்தபோதுதான் தெரிந்தது. அம்மா சமையலறையில் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். துளசி கைப்பேசியில் படத்தைக் காட்டி, அதில் இருந்ததைச் சொன்னாள். கத்தி நின்றது.

"வீட்டுல பேப்பர் போட்டு வச்ச பிஸ்கட் டின்னுல இதுவும் இருந்துச்சா?" என்றாள் அம்மா. "தோட்டத்த வித்தப்ப படம் வரையற ஆளு வந்து பழைய பேப்பர் இருக்கான்னாரு. எனக்கு எங்க இங்லீஷ் படிக்கத் தெரியும்? அப்படியே தூக்கிக் குடுத்துட்டேன்."

"அப்ப நீங்க யாரும்மா?"

அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அவ எங்கக்கா. அவ செத்து அஞ்சு மாசத்துல நான் பொறந்தேன். யாரும் பதியல. தோட்டத்துப் பள்ளியில ஒண்ணும் கேக்கல. பன்னெண்டு வயசுல ஐசி கார்டு எடுக்கப் போனப்பதான் சூராட் பெரானாக் கொண்டா, பொறந்ததுக்குப் பத்திரம் கொண்டான்னாங்க. வீட்டுல அவளோடது ஒண்ணுதான் இருந்துச்சி. அப்பா அத எடுத்துக்கிட்டு என்னயக் கூட்டிட்டுப் போனாரு. 'கேட்டா செகப்பின்னு சொல்லு'ன்னாரு. சொன்னேன்."

பிறந்த நாளன்று அம்மா கேக் வெட்டவே மாட்டாள். பதிவிலாகாவுக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். சிறுநீரகம் பழுதானதிலிருந்து வாரம் மூன்று நாள் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ்; மூன்று நாளும் அந்த அட்டையைக் காட்டித்தான் உள்ளே போக வேண்டும். அட்டை செல்லாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் எங்கே போவது? அந்தக் கேள்விக்கு அப்பால் துளசியால் யோசிக்க முடியவில்லை.

"எழுத்து தெரியலன்னு போட்டுட்டேன்மா. அனுப்பினா முடிஞ்சிரும். யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது."

அம்மா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

"எங்க பொதைச்சாங்கன்னு அதுல இருக்கா?"

"பதினாலாவது நிரைக்குப் பின்னால, ஆத்தோரம்."

"எங்கம்மா சாவுற வரைக்கும் அந்த எடத்தச் சொல்லல." அம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். "அவ பேரு, அவ பொறந்த நாளு, எல்லாத்தயும் நான் எடுத்துக்கிட்டேன். செத்ததாச்சும் அவளுக்கு இருக்கட்டும்டி."

"புடிச்சாங்கன்னா?"

"பயமாத்தான் இருக்கு. கவுண்டர்ல அட்டய நீட்டறப்ப, இன்னிக்குத் தெரிஞ்சிருமோன்னு இருக்கு. ஆனா பதிவிலாகா ஆளுங்க என்னய வருஷத்துல ஒரு நாள், ரெண்டு நாள் பாக்கறாங்க. அக்கா தெனமும் பாக்கறா. நான் போய் அந்தக் கதவப் பாக்கணும்."

புதன்கிழமை துளசி வேறு வழி தேடினாள். குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் ஒரு பகுதியைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கலாம் என்று விதி இருந்தது. அதற்கான படிவத்தில் இறந்தவரின் பெயர், கேட்பவரின் பெயர், உறவு முறை, அடையாள அட்டையின் நகல். இரண்டு முறை படித்துவிட்டு மூடினாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு அம்மா கிராப் வாடகைக் காரில் வந்து இறங்கினாள். கிடங்குக்குள் நுழைபவர் அட்டையை வாசலில் கொடுத்து, ஏட்டில் பெயர் பதிய வேண்டும். அதுவும் அஸ்வானின் பொறுப்புதான். துளசி தடுப்பதற்குள் அம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டிவிட்டாள்.

"வாங்கம்மா, ஒங்க மீன் சம்பல் இன்னும் கடனா நிக்குது எனக்கு," என்றபடியே அவன் எழுத ஆரம்பித்தான். 'செகப்பி' என்று எழுதியதும் பேனா நின்றது. நானூற்றுப் பதினேழைக் கட்டம் கட்டமாகப் படமெடுத்து, தெளிவு சரியா என்று பெரிதாக்கிப் பார்த்தவன் அவன்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்தான். துளசியைப் பார்த்தான். அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மீதியை எழுதி முடித்தான்.

அம்மா கதவின் முன்னால் போய் நின்றாள். தொடக்கூடாது என்று யாரும் சொல்லாமலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். காய்ந்த ரப்பர் பாலின் புளித்த வாடை இன்னும் லேசாக இருந்தது.

"எது?"

துளசி காட்டினாள்.

"படி."

"அம்மா..."

"சத்தமாப் படி. எனக்குக் கேக்கணும்."

துளசி படித்தாள். பெயர், தகப்பன் பெயர், வயது, காய்ச்சல், பதினாலாவது நிரை, பத்திர எண். முதுகுக்குப் பின்னால் அஸ்வானின் நாற்காலி ஒரு முறை கிறீச்சிட்டது. அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்தாள், கவுண்டரில் பதில் சொல்பவளைப் போல. முடிந்ததும், "எழுது," என்றாள்.

துளசி மேசைக்குப் போய் 'எழுத்து தெளிவில்லை' என்பதை அழித்தாள். விரல்கள் இரண்டு முறை தவறான எழுத்தில் விழுந்தன. கடைசி எண் வரைக்கும் தட்டி அனுப்பினாள். அஸ்வானின் திரையில் கட்டம் திறந்தது.

"அக்கா," என்றான் மெதுவாக. "எனக்குத் தெளிவாத் தெரியலன்னு நா போட்டா, அதோட நின்னுரும். யாரும் என்னயக் கேக்கமாட்டாங்க."

துளசி அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதடு உலர்ந்திருந்தது.

"ஒனக்குத் தெரியுதா தம்பி?" என்றாள் அம்மா.

"தெரியுதும்மா."

"அப்ப அமுக்கு."

அவன் அழுத்தினான். திரையில் பச்சை நிறத்தில் ஒரு குறி வந்தது, நானூற்றுப் பதினெட்டு திறந்தது.

பிறகு அம்மா கையை நீட்டினாள். அஸ்வான் அட்டை தன் கையிலேயே இருந்ததை அப்போதுதான் உணர்ந்தவன்போல அவசரமாகக் கொடுத்தான். அம்மா அதை உறையில் போடவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு டயாலிசிஸ்," என்றாள் துளசியிடம். "நீயும் வா. கவுண்டர்ல எங்கூட நில்லு."