வாய் நிறைய வேர்க்கடலை

சூசைநாதன் பிரெஞ்சு கோர்ட்டில் எழுத்தர். கொலை வழக்குத் தீர்ப்பைக்கூடக் கை நடுங்காமல் நகலெடுப்பவர். அப்படிப்பட்ட மனிதர், பதினாலு மாதத்து மகள் சகாயசெல்வி சுவரை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தால் மட்டும் வெலவெலத்துப் போவார்.

1934 தை மாதம் அவள் முதன்முதலாக நாலடி நடந்தாள். ஐந்தாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். காயம் ஒன்றும் இல்லை. ஆனால் "ஐயோ, மாதாவே!" என்று சூசைநாதன் போட்ட சத்தத்தில், எதிர்வீட்டு ஜீனத்துன்னிசா மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்துவிட்டாள். குழந்தை அப்பாவின் முகத்தைப் பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகுதான் வீறிட்டு அழுதது.

அன்றோடு செல்வி நடப்பதை விட்டுவிட்டாள். நிற்க வைத்தால் கால்களை மடக்கிக்கொண்டாள்.

இரண்டு வாரம் பொறுத்த சூசைநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். முன்னால் ஒரு தலையணை, பின்னால் ஒரு தலையணை. சுற்றிலும் பழைய வேட்டியால் ஒரு கட்டு. குழந்தையால் குனியக்கூட முடியவில்லை. பொம்மைபோல் நின்று விழித்தது.

வாசலில் வந்து நின்ற ஜீனத்துன்னிசா, "பெர்னதெத்து, புள்ளய எந்த ஊருக்குப் பார்சல் அனுப்புறீங்க?" என்றாள்.

அதுவரை முந்தானைக்குள் சிரித்துக்கொண்டிருந்த சூசைநாதனின் மனைவி பெர்னதெத், ஜீனத்துன்னிசா போனதும் கட்டை அவிழ்த்தாள்.

"கொழந்த விழுந்ததுக்கா அழுதுச்சு? உங்க மொகத்தப் பாத்துல்ல அழுதுச்சு."

"என் மொகத்துக்கு என்னா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்ல. ஊட்ல சாவு விழுந்தாப்புல இருந்துச்சு, அவ்ளோதான்."

அவருக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் அவள் கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்துக் கண்ணாடி முன் நின்று, மெதுவாக, "ஐயோ, மாதாவே" என்று சொல்லிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாதாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூவரும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனார்கள். பெர்னதெத் ஒரு கை வேர்க்கடலையைக் கணவரின் வாயில் திணித்தாள்.

"வாயத் தொறக்காம மென்னுக்கிட்டே இருங்க. அவ பாத்தா சிரிங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

மணலில் ஏற்றியிருந்த கட்டுமரத்தைப் பிடித்துக்கொண்டு செல்வி நின்றாள். சற்றுத் தள்ளி மீன்காரி தனக்கொடியின் கூடை வெயிலில் மின்னியது. குழந்தை ஒரு கையை விட்டாள். பிறகு மற்றக் கையையும் விட்டாள். இரண்டடி வைத்து முகம் குப்புற மணலில் விழுந்தாள்.

நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

சூசைநாதன் சிரித்தார். கல்யாணப் போட்டோவுக்குக்கூட அவர் அவ்வளவு பாடுபட்டுச் சிரித்ததில்லை. அந்த முகம் என்ன சொல்கிறது என்று குழந்தைக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு வாயில் இருந்த மணலைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

மறுபடி விழுந்தாள். பார்த்தாள். சிரித்தார். மூன்றாம் தடவை விழுந்தபோது அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தானாக எழுந்து போனாள். அது அவருக்கு ஏனோ சுருக்கென்றது.

கூடையை எட்டியதும் ஒரு மீனின் வாலை இரு கையாலும் பிடித்தாள்.

"என்னா முசே, பேரமே பேசாம எடுக்குது ஒங்க பொண்ணு!" என்றாள் தனக்கொடி, கோர்ட்டுக்காரரைப் பிரெஞ்சு மரியாதையோடு அழைத்து.

சூசைநாதனுக்குச் சிரிப்பு வந்து கடலை புரையேறிவிட்டது. பெர்னதெத் அவர் முதுகில் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில், செல்வி மீனை விட்டுவிட்டு அலைகளை நோக்கித் தள்ளாடி நடந்தாள். இருமல் அடங்கியதும் அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடி, புன்னகையோடு பார்த்து நின்றார்.

"ஐயோ, இப்ப பயப்படலாங்க! ஓடுங்க!" என்று கத்தினாள் பெர்னதெத்.

அவர் ஓடினார். அலை வந்து முழங்கால்வரை நனைக்க, குழந்தையை வாரித் தூக்கினார். அவளோ கால்களை உதைத்து, கீழே இறக்கிவிடச் சொல்லி அழுதாள்.