கரையில் நின்ற நீச்சல்காரர்

சனிக்கிழமை பின்னேரம் தண்ணீருக்குள் நின்ற தாய்மாரில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. நீந்தத் தெரிந்த தகப்பன்மார் எல்லாரும் கரையில் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்துகொண்டு நின்றார்கள்.

பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிற றுக்கியா முதல் கிழமையே சொல்லியிருந்தாள்: தாயோ தகப்பனோ கூட இறங்க வேண்டும், சோடியாகத்தான் எடுப்பேன், தனிப் பிள்ளையும் வேண்டாம், தனிப் பெரியவரும் வேண்டாம். அதைக் கேட்ட கையோடு தகப்பன்மாருக்கு முதுகு நோவும் தடிமனும் அவசரமான போனும் வந்துவிட்டன. சுலோஜனாவின் கணவன் நிருபன் அந்தச் சாட்டுக்கூடச் சொல்லவில்லை. "நீதானே கேட்டனி, நீயே இறங்கு" என்று விட்டான். சின்ன வயதில் இதே உட்துறைமுகத்தில் படகுக்குப் படகு பாய்ந்து திரிந்தவன் அவன்.

சாம்பல்தீவில் அண்ணன்மார் கடலில் குளிக்க, சுலோஜனா கிணற்றடியில் அவர்களுடைய உப்பு உடுப்பைத் தோய்த்தவள். அந்த வீட்டிலிருந்து கம்பஸ் போன முதல் ஆளும் அவள்தான். பட்டம் வந்தது, வேலை வந்தது, தோய்க்கிற உடுப்பு மட்டும் குறையவில்லை. கிழமை முழுக்கக் கந்தோர் மேசைக்கும் குசினி அடுப்புக்கும் ஓடிவிட்டு, இப்போது சல்வார் பலூன் மாதிரி ஊத நெஞ்சளவு தண்ணீரில், மகள் லக்சனாவின் முதுகுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்தபடி நின்றாள். தோள்மூட்டு கழன்று விழும்போல இருந்தது.

ஆனாலும் இன்றைக்கு விட ஏலாது. காலையில் மாமி, நிருபனின் அம்மா, தொடங்கியிருந்தா. "பிள்ளை வெயில்ல கறுத்துக் காயுது. பெரிசாகிற வயசில கடலும் கத்தரிக்காயும்!" நிருபன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "இண்டைக்கும் மிதக்காட்டி நிப்பாட்டுவம்."

"அக்கா, கைய எடுங்க" என்றாள் றுக்கியா. கிண்ணியாக்காரி. தலையிலிருந்து கால்வரை மூடிய நீச்சல் உடுப்போடு மீன் மாதிரித் திரிந்தாள்.

"எடுத்தால் தண்ணிக்கடியில தாண்டு போயிடுவாள்."

"நீங்க புடிக்கிற புடியிலதான் புள்ள விறைக்கிது."

"ஓம் அம்மா, உங்கட நகம் குத்துது" என்றாள் லக்சனா.

"வாயை மூடு, தண்ணி போயிடும்."

கரையிலிருந்து நிருபன் கத்தினான். "காலை அடி லக்சு! நல்லா அடி!"

பிள்ளை அடித்தாள். இடுப்பு கீழே போனது, மூக்கால் உப்புத் தண்ணீர் ஏறியது, இருமல். றுக்கியா திரும்பினாள். "அண்ணே, மிதக்கத்தான் நான் சொன்ன. காலடிக்கிற பாடம் இன்னும் வரல்ல. இறங்கி வந்து சொல்லுங்களன்."

"டெனிம் நனையும் தங்கச்சி."

பக்கத்தில் தன் மகனைத் தாங்கிக்கொண்டு நின்ற ஜெஸ்மின் சும்மா இருக்கவில்லை. "நனைஞ்சா என்ன அண்ணே? இவ்வளவு காலமும் தோய்ச்சவ இதையும் தோய்ப்பா."

தண்ணீருக்குள் ஒரு சிரிப்பு ஓடியது. சுலோஜனாவும் சிரித்துக்கொண்டு ஒரு அடி பின்னுக்கு வைத்தாள். அங்கே நிலம் இல்லை.

படகுகளை இழுத்துக் கட்டுகிற இடத்தில் மணல் பள்ளம் விழுந்திருக்கும். கரையில் நின்ற ஆண்கள் எல்லாருக்கும் அது தெரியும். அடுத்தவன் சொல்லியிருப்பான் என்று ஒவ்வொருவனும் நினைத்திருப்பான்.

பிள்ளையின் முதுகிலிருந்து கைகள் கழன்றன. தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. அவளுக்கு முதலில் பயம் வரவில்லை. அப்பாடா, சத்தமில்லை என்றுதான் இருந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகுதான் பிள்ளையின் நினைவு வந்தது; கைகளால் துழாவினாள். அதற்குள் றுக்கியாவின் கை அவளுடைய கொண்டையைப் பற்றி மேலே இழுத்துவிட்டது.

"பிள்ளை! என்ர பிள்ளை!"

"அங்க பாருங்க அக்கா."

லக்சனா வானத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தாள். காது இரண்டும் தண்ணீருக்குள். தாயின் கை போனதே அவளுக்குத் தெரியாது.

நிருபன் செருப்போடு கணுக்கால் தண்ணீர்வரை வந்து போனை உயர்த்திப் பிடித்திருந்தான். "சுலோ! மிதக்கிறாள்! வடிவா வீடியோ எடுத்திட்டன்!"

"நான் தாண்டதும் இருக்கோ அதில?"

"நீ தாண்டனியோ? எப்ப?"

அவள் லக்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு நடந்தாள். கரையேறி இருமி முடித்தபோது வீடியோ குடும்பக் குறூப்புக்குப் போய்விட்டிருந்தது. நிருபனுக்கு நல்ல புளுகம், முகமெல்லாம் சிரிப்பு.

"சரி, பழகிட்டாள்தானே. இனிக் காணும். அம்மாவும் சந்தோசப்படுவா."

மிதக்காவிட்டாலும் நிப்பாட்டு, மிதந்தாலும் நிப்பாட்டு. லக்சனா தாயின் முகத்தைப் பார்த்தாள். கம்பஸில் மேடையேறி வாயடித்தவள்தான் சுலோஜனா. இன்றைக்கு வாயடிக்கச் சீவன் இல்லை. சால்வையைப் பிழிந்தபடி சொன்னாள்.

"அவள் பழகிட்டாள். நான் பழகேல்லை."

"நீயோ!" நிருபன் சிரித்தான். "தனிய வாவன், ஆர் மறிச்சது?"

"றுக்கியா, தனிய எடுப்பீங்களோ?"

மிதவைகளை உரப்பைக்குள் திணித்துக்கொண்டிருந்த றுக்கியா நிமிரவேயில்லை. "சோடி இல்லாம ஏலாது அக்கா."

சுலோஜனா நிருபனிடம் திரும்பினாள். "கேட்டனீங்களோ? ஒண்டில் நீங்கள் இறங்கி என்னைப் பிடியுங்கோ. இல்லாட்டிப் பிள்ளை வரட்டும்."

மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள். நிருபன் அவர்களைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான்.

"சரி சரி, பிள்ளையே வரட்டும்" என்று சாவியைத் தேடினான்.

வீட்டில் இரவுச் சாப்பாடு இனித்தான் சமைக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால், உப்புக் காய்ந்து தோல் இழுக்க, சுலோஜனா கண்ணை மூடிக்கொண்டாள். இருவருக்கும் நடுவில் நெருக்குப்பட்டிருந்த லக்சனா திரும்பி அவளுடைய காதுக்குள் சொன்னாள்.

"அம்மா, அடுத்த கிழமை நான் உங்களைப் பிடிக்கிறன். நகம் வெட்டிட்டு வாறன், என்ன?"