பெரில் டக்கெட் இடித்த சுவர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கீழ்வீட்டு பெரில் டக்கெட்தான் மாடிப்படியில் மறித்து என் கையில் திணித்தார்.

“உன் கதைங்கள்ல யாராச்சும் அழுதுகிட்டே இருக்காங்களாமே? ஒருதரம் என்னைப் பத்தி எழுது கண்ணு. நான் அழ மாட்டேன்.”

லண்டனின் கேட்ஃபர்டில் இந்தக் கட்டடத்துக்கு நான் குடிவந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை யாரும் என்னிடம் கதை கேட்டதில்லை. பெருமை தாங்காமல் அன்றே உட்கார்ந்தேன்:

‘எழுபத்தோரு வயதான பெரில், சன்னலோரம் அமர்ந்து மழையைப் பார்த்தபடி, தன் வீட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஆண்டுகளை எண்ணி’

நிறுத்திவிட்டேன். முப்பது ஆண்டுகள் லண்டன் பேருந்து ஓட்டிய பெண்மணி அவர். மழையை வேடிக்கை பார்க்கிற ரகமில்லை.

2

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வீடு பெரிலுடையதுதான். ஆனால் இங்கே அடுக்குமாடியில் சொந்தம் என்றால் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை. நிலம் வேறொருவருடையது; குத்தகை முடிந்தால் வீடும் அவருக்கே. ஆண்டுகள் குறையக் குறைய வீட்டின் மதிப்பும் தேயும். ஒரு கட்டத்தில் வங்கி கடன் தராது, வாங்க ஆள் வராது. பெரிலுக்கு மிஞ்சியது அறுபத்திரண்டு. நீட்டித்துத் தரும்படி எழுதிவிட்டார். நிலவுரிமையாளரின் மதிப்பீட்டாளர் செவ்வாய்க்கிழமை வருகிறார். வீடு எவ்வளவு நன்றாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு நீட்டிப்புக்காகப் பெரில் கட்டவேண்டிய விலை ஏறும்.

தரைத்தள க்ளைவ் மாட் போன ஆண்டுதான் இந்தச் சடங்கையெல்லாம் முடித்தவர். அந்த மிதப்பில் மேலே ஏறி வந்தார்.

“அறுபத்திரண்டு வருஷம் கெடக்கே பெரில். நூத்தி முப்பத்து மூணு வயசு வரைக்கும் இருக்கிறதா உத்தேசமா?”

“எனக்கில்லப்பா, என் மக க்வென்னுக்கு. தேஞ்சுபோன வீட்டையா அவ கையில குடுப்பேன்?”

“அப்ப நான் சொல்றதக் கேளு. எதையும் தொடைக்காத. ஈரத் துணிய அங்கங்க காயப்போடு. கூடத்துக்கு நடுவுல ஒரு வாளிய வை.”

“ஒழுகாத கூரைக்கு எதுக்கு வாளி?”

“நான் வெச்சேன். வந்த ஆளு அதையே சுத்திச் சுத்திப் பாத்தான்.”

“உன் வீட்டுக்கு வாளி எதுக்கு க்ளைவ்? நீ ஒருத்தன் நின்னா போதுமே.”

(பெரிலின் கூரை என் தரை. அங்கே வாளி வைத்திருந்தால் பழி என் தலையில்தான் விழுந்திருக்கும். அதனால் இந்த இடத்தில் நான் நடுநிலையாளன் இல்லை.)

3

பெரில் சனிக்கிழமையே வீட்டைத் தேய்க்கத் தொடங்கினார். திங்களன்று எலுமிச்சை கேக் செய்தார். செவ்வாய் காலை நல்ல பீங்கான் கோப்பைகள் அலமாரியிலிருந்து இறங்கின.*

* எதிராளியின் ஆளுக்கு வீட்டிலிருப்பதிலேயே உயர்ந்த கோப்பையை எடுப்பது இந்த ஊர்க்காரர்களால் மட்டுமே செய்ய முடிகிற தவறு. கழுத்தை வெட்ட வந்தவனிடமும் முதலில் தேநீரில் பால் ஊற்றட்டுமா என்றுதான் கேட்பார்கள்.

பெண்ட்ரி என்ற அந்த மதிப்பீட்டாளர் சின்ன வயதுக்காரர். குளியலறையில் நின்று, “டைல்ஸெல்லாம் பிரமாதமா பதிச்சிருக்காங்க” என்றார்.

“பதிச்சிருக்காங்களா? நான் பதிச்சது.”

கூடத்துக்கு வந்ததும் கையிலிருந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மிஸஸ் டக்கெட், சமையலறைக்கும் இதுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கணுமே?”

4

கதையை இங்கே பிடித்து நிறுத்துகிறேன்.

குடியிருப்பவர் தன் கைக்காசில் செய்த மேம்பாட்டை விலையில் சேர்க்கக்கூடாது என்பது சட்டம். டைல்ஸைப் பற்றிய ஜம்பம் பெரிலுக்கு லாபமாகத்தான் முடியும். சுவர் அப்படியில்லை. அதை எடுக்க நிலவுரிமையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், பெரில் வாங்கவில்லை. ஒப்புக்கொண்டால் ஒப்பந்த மீறல் என்று பிடித்துக்கொண்டு இழுத்தடிப்பார்கள். க்வென்னுக்கு வீட்டுக்குப் பதில் ஒரு வழக்கு போய்ச்சேரலாம். வாயைத் திறக்காதீர்கள் என்று பெரிலின் வக்கீல் முன்பே சொல்லிவைத்திருந்தார்.

ஆகவே எழுதினேன்:

‘“நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு,” என்றார் பெரில்.’

கச்சிதமான வரி. யாரும் மறுக்க முடியாது. தேநீருக்குப் போனபோது ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். பெரில் கோப்பையைக் கீழே வைத்தார்.

“யாரு இது?”

“நீங்கதான்.”

“நான் இல்ல. க்ளைவ் வேணா இப்படிச் சொல்லுவான். கிழிச்சுப் போடு.”

5

பெண்ட்ரியிடம் பெரில் உண்மையில் சொன்னது இது. ஒரு எழுத்துகூட நான் சேர்க்கவில்லை.

“இருந்துச்சு. நான்தான் இடிச்சேன். தொண்ணூத்தி ஒண்ணு மே மாசம், மூணு நாள் லீவுல. யாரையும் கேக்கல, கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க. பத்து நாள் படிச்சுப் பாத்தேன், பாரம் தாங்குற சுவர் இல்ல. சுத்தியல் என்னுது. அத்தனை செங்கலையும் பைபையா ரெண்டு மாடி எறக்கினதும் நான்தான். நிமிந்து பாரு கண்ணு, எங்கயாச்சும் ஒரு விரிசல் இருக்கா?”

பெண்ட்ரி நிமிர்ந்து பார்த்தார். விரிசல் இல்லை.

“இதை நான் எழுதிக்கணும், மிஸஸ் டக்கெட்.”

“எழுது. என் பேரையும் போடு. முதல்ல கேக்கை முடி.”

எழுதும்போதே எனக்கு வந்தது அழுகையில்லை, பெருமை. இப்படியொரு ஆள் என் தரைக்குக் கீழே இருபது ஆண்டுகளாக வசிக்கிறார்.

6

நிலவுரிமையாளரின் பதில் வந்துவிட்டது. என்னவென்று எனக்குத் தெரியும். ஒரு முடிவில் அவர்கள் சுவரை மன்னித்தார்கள், இன்னொன்றில் வழக்குப் போட்டார்கள் என்று இரண்டு விதமாகவும் எழுதி, எது உண்மை என்று சொல்லாமல் சாமர்த்தியம் காட்டலாம் என்றிருந்தேன். பெரில் இரண்டையும் தள்ளிவிட்டார்.

“அவங்க என்ன சொன்னாங்கன்றது அவங்க கதை. என் கதை நான் சொன்னதோட சரி.”

“படிக்கிறவங்க விட மாட்டாங்க பெரில். க்வென்னுக்கு வீடு கெடைச்சுதான்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். அந்த எடத்துல அவங்க நின்னிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு நீ திருப்பிக் கேளு.”

கேட்கிறேன். உங்கள் மகளுக்கு என்று வைத்திருக்கும் வீடு. உங்கள் கையால் இடித்த சுவர். பெண்ட்ரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்களைப் பார்த்தபடி நிற்கிறார். சொல்லுங்கள்.